பன்னிரண்டு பிட்டில் ஓர் உறுமல்

மூன்றாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டியும் பம்பை மேளச் சத்தம் என்னை விடவில்லை. மலைக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. ஒரு வளைவில் சத்தத்தை மறைத்துவைக்கும், அடுத்த வளைவில் காதுக்குள் கொண்டுவந்து கொட்டும். தோளில் லேப்டாப் பை, கையில் வார் அறுந்த செருப்பு. கச்சிராயப்பாளையம் போகும் பேருந்து இரண்டு மணிக்குத்தான். அதுவரை நிற்கப் பொறுமை இல்லை, நடந்துவிட்டேன்.

மேலே ஒரு திருவிழா நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. சாமி வந்துவிட்டது. ஊர்க்கவுண்டர் சிரித்துவிட்டார். எனக்குத் துண்டு போர்த்த ஆள் அனுப்பித் தேடினார்கள். வேலையைக் கெடுத்துவிட்டு ஓடுவது எனக்குப் புதிதல்ல. வேலை சரியாக முடிந்ததற்காக ஓடியது அறுபத்து மூன்று வயதில் அதுதான் முதல் தடவை.

அந்தக் கதையை எழுதும்படி சில பேர் கேட்கிறார்கள். எல்லாரும் சென்னைப் பக்கம் கம்ப்யூட்டரில் இசை அமைக்கிறவர்கள். எவனோ ஒருவன் எங்கள் குழுவின் பழைய திருவிழாப் பதிவை இணையத்தில் ஏற்றிவிட்டான். அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு போன். “அண்ணா, அந்த டிரம்ல ஒரு அழுக்கு இருக்கே, அது எப்படிண்ணா வந்துச்சு?” என்கிறார்கள். குரலில் அப்படி ஒரு பக்தி. என் சட்டையைப் பார்த்து இதுவரை யாரும் அந்தக் கேள்வியை அப்படிக் கேட்டதில்லை.

அந்த அழுக்கைப் போக்க முப்பது வருடம் நாங்கள் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. இப்போது விலையுயர்ந்த கம்ப்யூட்டரை வாங்கி, கண்ணாடிபோலச் சுத்தமான சத்தத்தைப் பதிந்து, பிறகு அதில் மண்ணைப் பூச வழி கேட்கிறார்கள். சொல்கிறேன். இலவசமாகவே பூசலாம்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஊர் திருநாவலூர் பக்கம். படிப்பு எட்டாம் வகுப்பில் பாதி, மீதிப் பாதியை இதுவரை எந்த வேலையிலும் கேட்கவில்லை. கரும்பு வெட்டினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பெங்களூரில் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவினேன், மரக்காணத்தில் உப்பு வாரிக் கால் வெடித்தது. எதிலும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. ஒரு நாள் காலையில் எழுந்தால் கால் தானாக நடக்கும், நான் கூடவே போவேன். இருபத்திரண்டு வயதில் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கியபோது ஒரு மைக் செட்காரர் கூம்பு ஒலிபெருக்கியைத் தனியாகத் தூக்க முடியாமல் நின்றிருந்தார். ஒரு முனையைப் பிடித்தேன். அதுதான் நேர்முகத் தேர்வு.

அவர் பெயர் மாசிலாமணி. மைக் செட்டும் மெல்லிசைக் குழுவும் சேர்த்து நடத்தினார். கருணாபுரத்தில் தகரக் கொட்டகை. கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, அதன் பையில் டெஸ்டர். மைக்கை ஊதிப் பார்க்கமாட்டார், ‘ஹலோ’ சொல்லமாட்டார், நகத்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பாடகர் சுருதி தப்பினால் கண்டுகொள்ளமாட்டார். மேடை சரிந்தால்கூட நிதானமாகத்தான் எழுந்து வருவார். ஆனால் ஒயரைத் தப்பாகச் சுற்றினால் அவருக்குள் வேறு ஆள் வந்துவிடுவார்.

ஒயர் சுற்றுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் தரையில் நீளமாக இழுத்துப் போட்டு முறுக்கை விட வேண்டும். பிறகு ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று மணிக்கட்டைத் திருப்பி உள்பக்கமாக, எட்டுப் போட்டதுபோல. அப்படிச் சுற்றிய ஒயரை ஒரு முனை பிடித்து வீசினால் பாம்புபோல நேராக ஓடும். மற்றவர்கள் செய்வதுபோல உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் சுற்றினால் வேகமாக முடியும், பார்க்கவும் அழகு. உள்ளே இருக்கும் செம்பு மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். அடுத்த வருடம் சரியாகச் சாமி அழைக்கிற நேரம் பார்த்து அறுந்துபோகும். இதை முதல் நாளே சொல்லிவிட்டார். என் முழங்கைக்கு மட்டும் கடைசிவரை புரியவில்லை. பத்து வருடம் கழித்தும், யோசனை வேறெங்கோ இருக்கும்போது கை தானாக முழங்கைக்குப் போகும். கொட்டகையின் எந்த மூலையில் இருந்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

“முழங்கையில சுத்தாதடா.”

தெருவில் போகிற ஷேர் ஆட்டோ ஒரு கணம் வேகம் குறையும்.

சாம்ப்ளர் வந்தது பிறகு. சென்னையில் ஒரு ரெக்கார்டிங் கூடத்தில் தூக்கிப் போட இருந்ததை வாங்கிவந்தார். சூட்கேஸ் அளவுப் பெட்டி, மேலே எட்டு ரப்பர் சதுரங்கள். அதற்குள் ஒரு சத்தத்தைப் பதிந்துவிட்டுச் சதுரத்தில் தட்டினால் அந்தச் சத்தம் திரும்ப வரும். மலைத் திருவிழாக்களுக்குப் பம்பை வேண்டும், பம்பைக்காரர்கள் நான்கு பேர், எங்கள் வண்டியில் இடம் இரண்டு பேருக்கு. நான்கு பேரையும் பெட்டிக்குள் போட்டுவிட்டோம். அதைத் தட்டுகிற வேலை எனக்கு. தாளம் எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், லாரிக் கதவில் தட்டித் தட்டி வந்தது.

அந்தப் பெட்டியின் பெருமை அதன் ஏழ்மைதான். ஒலியைக் கம்ப்யூட்டர் படிக்கட்டாக வெட்டித்தான் வைத்துக்கொள்ளும். இன்று உங்கள் போனில் இருப்பது அறுபத்தைந்தாயிரம் படி. அதாவது பதினாறு பிட். படி பொடிசாக இருப்பதால் காதுக்குச் சரிவுபோலத் தெரியும். எங்கள் பெட்டி பன்னிரண்டு பிட், நாலாயிரத்துச் சொச்சம் படிதான். காது ஒவ்வொரு படியிலும் இடறும். அந்த இடறல்தான் கரகரப்பு. போதாததற்கு எட்டுச் சதுரத்துக்கும் சேர்த்து மொத்த நினைவே நாலு வினாடி. ஒரு அடிக்கு அரை வினாடிக்குமேல் கொடுக்க முடியாது.

அதற்கு மாசிலாமணி ஒரு வழி வைத்திருந்தார். பம்பையைக் கேசட்டில் பதிந்து, இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பெட்டிக்குள் ஏற்றுவார். ஒரு வினாடிச் சத்தம் அரை வினாடிக்குள் அடங்கிவிடும். பிறகு பெட்டிக்குள் வேகத்தை இறக்கிப் பழையபடி ஆக்க வேண்டும். இரண்டு மடங்கு ஏற்றியதை இரண்டு மடங்கு இறக்கினால் போதும். அவர் நாலு மடங்கு இறக்கினார். மலைச் சாமிக்குச் சத்தம் வயிற்றில் கேட்க வேண்டும் என்பார். இறக்க இறக்கப் படிக்கட்டு இன்னும் அகலமாகும், ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே பெட்டி என்ன செய்வதென்று தெரியாமல் அதே சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மணலில் தகரத்தை இழுத்ததுபோல இருக்கும். எங்களுக்கு அவமானமாக இருந்தது. கரகரப்பைக் குறைக்க ஒலிபெருக்கி வாயில் ஈரத் துணிகூடக் கட்டிப் பார்த்தோம்.

அந்தப் பம்பையை முதல்முறை மலைக்குக் கொண்டுபோன நாள் நினைவிருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். அம்மன் கோயில், கடுக்காய் மரத்தடி. அங்கே சாமியை அழைக்கும்போது தொடக்கத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் அடிக்க வேண்டும். நாலாவது அடியில் சாமியாடி தரையில் புரண்டார். கூட்டம் கையெடுத்தது. அம்மனே உறுமுகிறாள், அடிக்குப் பின்னால் உறுமல் கேட்கிறது என்று பேசிக்கொண்டார்கள். பக்தியில் சொல்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டுகிறவனுக்குத் ‘தொம்’ மட்டும்தான் கேட்கும், அதன் வாலாக இழுபடும் ஓசை கேட்காது. மாசிலாமணி முன்னால் போய்த் தலையைச் சாய்த்துக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். திரும்பி வந்து என்னிடம் ஒரே ஒரு வார்த்தை.

“அந்த அடிய மட்டும் அழிச்சிடாத.”

அழிக்கவில்லை. இருபது வருடத்துக்குமேல் அதையே தட்டினேன். அந்த ஊரைப் பார்த்து மலையில் இன்னும் பதினொரு ஊர் எங்களைக் கூப்பிட்டது. நடுவில் எத்தனையோ முறை ஓடிப்போனேன், திரும்பி வந்தேன். அவர் கேட்டதில்லை. வந்த அன்றே ஒயரைக் காட்டுவார், சுற்ற ஆரம்பிப்பேன்.

கடைசி முறை போனது தை மாதம். திருப்பூருக்கு ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த மாசியில் மலையில் எனக்குப் பதிலாகச் சதுரங்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது மாசிலாமணிக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மறு கையால் கொஞ்ச நேரம் தட்டினாராம். பிறகு அவர் மகள் செல்வி அவரை நகர்த்தி உட்காரவைத்துவிட்டுத் தட்டி முடித்தாள். ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார். நான் திரும்பியது ஒன்றரை வருடம் கழித்து. செல்விதான் அப்போது முதலாளி. சேதி எனக்குக் கிடைத்திருக்காது என்று அவளாகவே முடிவு செய்து எல்லாரிடமும் அதையே சொன்னாள். நானும் அதைத் திருத்தவில்லை.

பிறகு என் விரல் முட்டிகள் வீங்கின. தட்ட முடியாது என்று ஆனதும் ஓய்வு. ஓய்வு என்றால் உளுந்தூர்ப்பேட்டையில் ஓர் அரிசி ஆலைக்குக் காவல். அந்தச் சமயத்தில் சாம்ப்ளரும் செத்தது. மின்னழுத்தம் ஏறி உள்ளே கருகிவிட்டது. சத்தம் இருந்த பிளாப்பிகளில் பூஞ்சை. செல்வி பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டாள். சென்னைப் பையன்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் மறுமுனையில் யாரோ செத்ததுபோல ஓர் அமைதி.

புதுப் பெட்டி வாங்கினாள். அதில் பம்பை பக்கத்தில் நின்று அடிப்பதுபோல அவ்வளவு சுத்தம். முதல் வருடம் அம்மன் வரவில்லை. இரண்டாம் வருடம் வெயில் ஏறியபிறகு வந்து, யாருக்கும் குறி சொல்லாமல் போய்விட்டாள். ஊர்க்கவுண்டர் செல்வியை மரத்தடிக்குக் கூப்பிட்டாராம்.

“இன்னா செல்வி, டிவி பொட்டி மாதிரி அடிக்குது. அம்மா கோவிச்சிக்கினு உக்காந்துக்கினு இருக்கறா. பழைய பம்பை வந்தா அடுத்த வருசம் நீ வா. இல்லாட்டி ஆத்தூர் செட்டு பேசிக்கிறோம்.”

அந்த ஊர் போனால் பதினொரு ஊரும் போகும். மலை போனால் குழுவில் மிஞ்சியிருந்த ஆறு பேரும் கலைய வேண்டியதுதான். செல்வி அரிசி ஆலைக்கு வந்தாள். நாற்பது வயது, அப்பாவைப் போலவே சட்டைப் பையில் டெஸ்டர்.

“ஏழுமலண்ணே, அந்தப் பொட்டிய உங்களுக்குத்தான் தெரியும். அந்தச் சத்தத்த எப்படியாச்சும் கொண்டாந்துடுங்க. இல்லன்னா கொட்டாய மூடிட்டு நானும் இங்க வாச்மேனுக்கு வந்துடறேன்.”

ஆலைக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். விட்டுப் போவதில் எனக்கு அனுபவம் போதும்.

கருவி, அவள் அண்ணன் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச லேப்டாப். மென்பொருளும் இலவசம். ஒலியை வெட்டி ஒட்டும் சாதாரண மென்பொருள். அதை இறக்க இணையம் கொடுத்த மருந்துக்கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். முதலீடு அவ்வளவுதான்.

பம்பைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் கொட்டகையில் அடிக்கவைத்துப் பதிந்தேன். பிறகு மாசிலாமணியின் வழியிலேயே போனேன். முதலில் வேகம் இரண்டு மடங்கு. அடுத்து, வினாடிக்கு நாற்பத்து நாலாயிரம் புள்ளி எடுக்கிற மென்பொருளைப் பழைய பெட்டிபோல இருபத்தாறாயிரம் போதும் என்று அமைத்தேன். பிட்டைப் பன்னிரண்டாகக் குறைக்க ஒரு சின்ன இணைப்பு, அதுவும் இலவசம். கடைசியாக வேகத்தை நாலில் ஒரு பங்காக இறக்கினேன். கேட்டால் வெண்ணெய்போல இருந்தது. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இந்தக் காலத்து மென்பொருள் மரியாதை தெரிந்தது, கெடு என்று சொன்னாலும் அழகாகத்தான் கெடுக்கும். படியைக் குறைத்தால் நமக்குத் தெரியாமல் மெல்லிய இரைச்சலைத் தூவி விளிம்பை மழுக்கிவிடும். வேகத்தை இறக்கினால் நடுவில் இல்லாத புள்ளிகளை அதுவாகக் கற்பனை செய்து நிரப்பும். அமைப்புகளுக்குள் போய், தூவுவதை நிறுத்து, நிரப்பும் தரத்தை ஆகக் கடைசிக்கு வை என்று இரண்டையும் மாற்றினேன். மணலில் தகரம் இழுக்கிற சத்தம் வந்தது. சென்னைத் தம்பிகளே, நீங்கள் கேட்கும் ரகசியம் முழுதும் இதுதான். இத்தோடு நிறுத்திக்கொண்டு போய் வேலையைப் பார்க்கலாம்.

எனக்கு இத்தோடு நிற்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க, மாசிலாமணி கையெழுத்தில் ‘மலை’ என்று எழுதிய ஒரு கேசட் செல்வியின் பீரோவில் இருந்தது. கூட்டத்துக்கு நடுவே மைக் வைத்துப் பதிந்தது. துடைத்து ஓடவிட்டேன். கரகரப்பு என்னுடையதும் அதுவும் ஒன்றுதான். ஆனால் அந்தப் பழைய அடிக்குப் பின்னால், கிணற்றுக்குள் மாடு முனகுவதுபோல ஏதோ ஒன்று எழுந்து பாதியில் வெட்டுப்பட்டது. ஒவ்வொரு அடிக்கும் அதே முனகல், அதே இடத்தில் வெட்டு. அம்மன் உறுமல். முப்பது வருடம் கழித்து முதல்முறையாக முன்னால் நின்று கேட்டேன்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து வேகத்தை இரட்டித்தேன். ஏற்றியதைவிட இரண்டு மடங்கு கூடுதலாகத்தானே இறக்கியிருந்தார், சரியாகிவிடும். லேப்டாப்புக்குள்ளிருந்து மாசிலாமணி சொன்னார்: “முழங்கையில சுத்—”

செல்வி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்துவிட்டாள்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் பம்பையைப் பதிந்துகொண்டிருந்தார், நான் மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். மைக் திறந்திருந்தது. ஒரு அடிக்குப் பின்னாலேயே என்னைத் திட்டினார். அரை வினாடி இடத்தில் பாதித் திட்டுதான் பிடித்தது. அதைத்தான் நாலு மடங்கு இறக்கி, ஒலிபெருக்கியில் கட்டி, மலைக்குக் கொடுத்திருக்கிறோம். பன்னிரண்டு ஊர் கையெடுத்துக் கும்பிட்டது என் முழங்கையை. அழிக்காதே என்று அவர் சொன்னது பம்பையை அல்ல. என்னை நானே லட்சம் தடவை திட்டிக்கொள்ளும்படி ஒரு சதுரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, மனிதர் கடைசிவரை சிரிக்கக்கூட இல்லை.

கேசட்டிலிருந்த உறுமலையே வெட்டி ஒட்டலாமே என்று கேட்பீர்கள். அதன்மேல் குலவையும் வெடியும் ஏறிக்கிடந்தன, பிரிக்க முடியவில்லை. புதிதாக ஒருவர் திட்ட வேண்டும். அப்பா குரலின் முரட்டுத்தனம் இருப்பது செல்வியிடம்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மைக்கை வைத்தேன்.

சிவப்பு விளக்கைப் பார்த்ததும் அவளுக்கு மரியாதை வந்துவிட்டது. “முழங்கையில சுத்தாதீங்கண்ணே” என்றாள். இறக்கிப் போட்டால் பசு கன்றைக் கூப்பிடுவதுபோல இருந்தது. ‘ங்க’வை எடுத்துவிடு என்றேன். எடுத்தாள், சிரித்துவிட்டாள். நிஜமாகவே ஒயரை முழங்கையில் சுற்றிக் காட்டினேன். அதற்கும் சிரித்தாள். எட்டு முறை பதிந்தோம். எட்டும் பசு. திருவிழாவுக்கு நாலு நாள் இருந்தது. அவள் தலையைப் பிடித்துக்கொண்டு மோடாவில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பதாவது முறை பதிவை ஓடவிட்டுவிட்டு, அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். கோபப்படுத்துவதற்காகச் சொன்னேனா, எப்படியும் சொல்லியிருப்பேனா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“செல்வி, உங்கப்பா வுழுந்த சேதி எனக்கு மறுநாளே வந்துச்சி. திருப்பூர்ல அப்ப வேலகூட இல்ல, சும்மாதான் படுத்துக்கினு இருந்தேன். வரல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். தெருவில் போன ஆட்டோ வேகம் குறைந்தது.

“ஓடிப்போயிட்டு எதுக்குடா வந்த?”

என்னைவிட இருபத்து மூன்று வயது சின்னவள். எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் மீட்டரைப் பார்த்தேன். ஒலி அளவுக் கோடு சிவப்பைத் தொட்டிருந்தது. அளவைக் குறைத்து இன்னொரு முறை எடுத்திருந்தால் சுத்தமாக வந்திருக்கும். கேட்கத் தைரியம் இல்லை.

அதைத்தான் இரட்டித்தேன், பன்னிரண்டு பிட்டில் வெட்டினேன், பெண் குரல் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறக்கினேன். மென்பொருளில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. இருந்தாலும் பழைய பெட்டியின் நியாயப்படி அரை வினாடியில் நறுக்கினேன். ‘எதுக்’ என்பதோடு நின்றது. பம்பைக்குப் பின்னால் ஒட்டி, புதுப் பெட்டியில் ஏற்றிக் கொடுத்தேன். செல்வி ஒரு முறை தட்டிப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினாள். அந்த நாலு நாளும் எங்களுக்குள் பேச்சு ஒயர், பிளக், டீசல் என்பதைத் தாண்டவில்லை.

மலையில் காலை பத்து மணிக்குச் சாமி அழைத்தார்கள். இப்போது சாமி ஆடுகிறவள் தங்கம்மா. நூறு நாள் வேலைக்குப் போகிற, வாய் ஓயாத பெண். செல்வி சதுரத்தில் தட்டினாள். நான் அன்று ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்றேன், சத்தம் சரிபார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. தொம். பின்னாலேயே கிணற்றுக்குள்ளிருந்து அது எழுந்தது. சுற்றியிருந்தவர்களுக்கு அம்மன். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. மூன்றாவது அடியில் தங்கம்மா தலைமுடி அவிழ்ந்தது. கூட்டம் கையெடுத்தது. வேறு வழியில்லை, நானும் எடுத்தேன். செல்வி என் பக்கம் பார்க்காமல் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

சாமி மலையேறி, தங்கம்மா சோடா குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய், பழைய பம்பை மாதிரியே இருக்கிறதா என்று கேட்டேன். தொழில் புத்தி.

“இல்ல,” என்றாள். “மின்ன இருந்தவ திட்டுவா, அவ்ளோதான். இவ அழுதுக்கினே திட்றா. யாரையோ தேடுறாப்பல கீது.”

லேப்டாப் பையை எடுத்துக்கொண்டேன். அடுத்த சாமி அழைக்கப் பம்பை திரும்ப ஆரம்பிப்பதற்குள் முதல் வளைவைத் தாண்டிவிட வேண்டும் என்று நடந்தேன். முடியவில்லை. அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

அன்று சாயங்காலம் கச்சிராயப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். செருப்பைத் தைத்தேன். ஒரு கல்யாண மண்டப வாசலில் படுத்துக்கொண்டேன். காலையில் கால் என்னைக் கேட்காமல் சேலம் பக்கம் திரும்பும் என்று எதிர்பார்த்தேன். அது டீக்கடை பெஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது, அசையவில்லை.

ஏழரை மணிக்குக் குழுவின் வண்டி மலையிலிருந்து இறங்கியது. செல்விதான் ஓட்டினாள். டீக்கடையைத் தாண்டிப் போய் நின்றது. பின்னால் வராது என்று நினைத்தேன், வந்தது. கண்ணாடியை இறக்கினாள். தூங்காத முகம்.

“பன்னெண்டு ஊரும் பேசியாச்சி,” என்றாள், சாலையைப் பார்த்தபடி. “ஒயரு எல்லாம் பின்னால அப்படியே கெடக்குது. சுத்த ஆளு இல்ல.”

டீக்குக் காசு வைத்துவிட்டுப் பின்னால் ஏறினேன். நாற்பத்தொரு வருடத்துக்கு முன்பு சேர்ந்த அதே வேலை, பதவி உயர்வு இல்லாமல். ஒலிபெருக்கிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு முனையை எடுத்தேன். வண்டி கோமுகி ஆற்றுப் பக்கம் திரும்பியது. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சுற்றினேன். கை எங்கே போயிருக்கிறது என்று நான் கவனிக்கவில்லை. முன்னால் இருந்த கண்ணாடியில் அவள் கவனித்துவிட்டாள்.

“முழங்கையில சுத்தாதடா.”

‘அண்ணே’யும் இல்லை, ‘ங்க’வும் இல்லை. சுற்றியதை அவிழ்த்து நீளமாகப் போட்டேன். முறுக்கை விட்டேன். ஒரு சுற்று நேராக, அடுத்த சுற்று உள்பக்கமாக, ஆரம்பத்திலிருந்து சுற்றத் தொடங்கினேன்.